சுவரோரமாக நடப்பவர்

மாடி என்று சொல்லக்கூடிய எந்த இடத்திற்குப் போனாலும் கணக்கர் நடுவில் நடக்க மாட்டார். சுவரை ஒட்டி, சுவரைத் தேய்த்துக்கொண்டுதான் போவார். ஆஸ்பத்திரியாகட்டும், அலுவலகமாகட்டும், இறங்கி வரும்போது இடது தோளில் சுண்ணாம்பு அப்பியிருக்கும். கேட்டால், "நடுவுல எது தாங்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஓரத்துல சுவர் இருக்கறது கண்ணுக்குத் தெரியுது" என்பார். அவருடைய மனைவியின் அண்ணன், வீட்டில் எல்லோரும் பெரிய மச்சான் என்று சொல்லும் வாயாடி மனிதர், "எங்க மாப்பிள்ளை போற இடத்துச் சுவரையெல்லாம் சட்டையாலயே துடைச்சுட்டு வர்றாரு. கூலிதான் எவனும் குடுக்க மாட்டேங்கறான்" என்று எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தவறியதில்லை.

கணக்கர் என்பது அவருக்கு வேலையால் வந்த பெயர். பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்காகக் கிளை கிளையாகப் போய்ச் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பவர். பயந்த சுபாவம். லிஃப்டுக்குப் பயம், இடிக்குப் பயம், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயம். அந்த நாய்க்குப் பல் போய் வருஷக்கணக்காகிறது. இந்தப் பயங்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் கடன் என்ற ஒரு பயத்துக்கு ஈடாகாது. வங்கியின் முத்திரை போட்ட கவர் வந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்.

மனைவி நேர் எதிர். மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டிலும் அவருக்கு டீச்சர் என்றே பெயர். கணக்கரும் அப்படித்தான் கூப்பிடுவார். யார் "முடிச்சுட்டேன்" என்று சொன்னாலும் டீச்சர் நம்ப மாட்டார். பிள்ளைகளின் நோட்டை விரித்துப் பார்ப்பார், தையல்காரர் கொடுத்த ஜாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிப் பார்ப்பார், பால்காரர் ஊற்றிய பாலை மறுபடி அளப்பார். கணக்கர் சொல்வதை மட்டும் சரிபார்ப்பதில்லை. வாசலைப் பூட்டிவிட்டேன் என்று அவர் சொன்னால் டீச்சர் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்து போய்க்கொண்டே இருப்பார். இவ்வளவு பயப்படுகிற மனுஷன் பூட்டாமல் வருவாரா என்பது டீச்சரின் கணக்கு.

வீடு சின்னது. ஒரு ஹால், சமையலறை, இவர்கள் இருவருக்கும் ஒரு அறை, ஹாலை ஒட்டிச் சாமான் போட்டு வைக்கிற ஒரு ஸ்டோர் ரூம். நர்ஸ் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த மகளுக்கு அறை கிடையாது. அவளுடைய புத்தகங்கள் பீரோவின் தலையிலும் சோபாவின் காலடியிலும் குடியிருந்தன. ஆனால் ஹாலுக்கு மேலே, சாய்ந்த ஓட்டுக் கூரைக்கு அடியில், நீளமாக ஒரு பரண் சும்மா கிடந்தது. நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிமிர்ந்து நிற்கலாம். உடைந்த நாற்காலிகளும், யாரும் விசாரிக்காத ஒரு தையல் மெஷினும் அனுபவித்துக்கொண்டிருந்த அந்த இடத்தை மகளுக்கு அறையாக்கிவிடலாம் என்று டீச்சர் ஒருநாள் சொன்னார். மகள் அன்றைக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றிய சுற்றில் ஒரு டம்ளர் உடைந்தது.

பிளான் போட வந்த இன்ஜினியர் ஒரு இளம்பெண். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பரண் முழுக்கத் தவழ்ந்து பார்த்துவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தார்.

"இப்ப இருக்கற மரம் உடைஞ்ச நாற்காலியத் தாங்கும். கட்டில், அலமாரி, நாலு மனுஷங்கன்னா தாங்காது. இந்தக் கோடிச் சுவர்லேர்ந்து அந்தக் கோடிச் சுவர் வரைக்கும் ஒரு இரும்பு கர்டர் போட்டே ஆகணும். மிச்சத்துல எதை வேணாலும் குறைச்சுக்குங்க. இதுல மட்டும் கை வெக்காதீங்க."

எஸ்டிமேட் வந்தது. வங்கி கொடுக்கச் சம்மதித்த பணத்தைவிடக் கால்பங்கு அதிகம். புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார்கள். டீச்சர் கையில் சிவப்புப் பேனா. பெயின்ட் போய்ச் சுண்ணாம்பு வந்தது. புது மின்விசிறி போய்ப் பழையதே மேலே ஏறியது. ஓட்டுக்கு அடியில் வெயில் தாங்க அடிக்கும் பலகை தரத்தில் ஒரு படி இறங்கியது. அப்படியும் பணம் இடித்தது. கடைசியில் டீச்சரே, "கூரையில கண்ணாடி ஜன்னல் வெக்கறதை விட்டுடலாங்க. அதுதான் வெலை ஜாஸ்தி" என்றார். பேனா அந்த வரியின் மேல் நின்றது, இறங்கவில்லை. பகல் வெளிச்சத்தில் மகள் உட்கார்ந்து படிப்பாள் என்பது அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம். ஊருக்கெல்லாம் சிவப்புக் கோடு போடுகிற கைக்கு அந்த ஒரு கோட்டைப் போட மனம் வரவில்லை.

"ஜன்னல் இருக்கட்டும். மேல் வேலையை என்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்" என்றார் கணக்கர்.

"அப்ப கீழ் வேலை என்னுது. படிக்கட்டு, தரை, எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க மூக்கை நுழைக்கக் கூடாது."

"நீயும் மேல வந்து சிவப்புக் கோடு போடக் கூடாது."

சிரித்துக்கொண்டே பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை இவ்வளவு சுமுகமாக நடந்த வீடு அந்தத் தெருவில் வேறு இருக்காது.

ஜன்னல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாரே தவிர, பணம் வானத்திலிருந்தா விழும்? வங்கியில் இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து கணக்கருக்குச் சோறு இறங்கவில்லை. கூரை வேலை எடுத்திருந்த மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, கர்டர் இல்லாமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

"ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர் போகுது பாருங்க. நல்ல கனமான சுவர். மரத்தை அது மேல உக்கார வெச்சுட்டா நிக்கும் சார். அந்தச் சுவர் இருக்கற வரைக்கும் கவலையில்ல. எதுக்கும் இன்ஜினியரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

இன்ஜினியரை மறுபடி கூப்பிட்டால் அதற்கு ஒரு கட்டணம். கணக்கர் கேட்கவில்லை. சுவர்தான் இருக்கிறதே, சுவர் எங்கே போகப்போகிறது? வாழ்க்கையில் அவர் நம்பிய ஒரே பொருள் சுவர். கர்டர் ரத்தானது. மரத்தைச் சுவர்மேல் உட்காரவைத்து, மேலே பலகை, கீழே பலகை என்று அடித்து மூடியாகிவிட்டது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பார்க்க எதுவும் மிச்சமில்லை. அறை முடிந்தபின், இவ்வளவு மிச்சம் பிடித்தேன் பார் என்று பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் கம்பெனி அவரைத் தூரத்துக் கிளைக்குச் சரக்கு எண்ண அனுப்பிவிட்டது.

அங்கே கிடங்கில் சோப்புப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, கர்டர் போட்டாச்சுல்ல?"

பக்கத்தில் கிளை மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எண்ணிக்கை நடுவில் இருந்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு."

"நல்லாத் தாங்கும்ல?"

"அதெல்லாம் தாங்கும். வெச்சுடவா?"

ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. வாயிலிருந்து பொய் போன வேகத்தில், அது பொய் என்பதே அடுத்த பெட்டியை எண்ணும்போதுதான் உறைத்தது. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெட்டிகளைத் தொடர்ந்து எண்ணினார்.

வேலை முடிந்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டீச்சர் ஓடி வந்து கண்ணைப் பொத்தினார். மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

ஹால் பெரிதாக இருந்தது. அழகாகவும் இருந்தது. எதிரே, வழவழவென்று புதிய மரப்படிக்கட்டு ஒன்று நேராக மேலே ஏறிப் போனது. அது ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து ஏறியது. ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருந்த சுவரில் பாதியைக் காணோம்.

"எப்படி?" என்றார் டீச்சர். முகம் பூரித்திருந்தது. "பிளான்ல போட்டிருந்த அந்த இரும்புச் சுருள் படிக்கட்டுக்கு எவ்வளவு கேட்டான் தெரியுமா? ஆசாரிகிட்ட நேர் படிக்கட்டாச் செய்யச் சொன்னேன், வெலை பாதிகூட இல்ல. நீளத்துக்கு இடம் பத்தலை, சுவரை உடைச்சா சரியாப் போயிடும்னார். கொத்தனார் மட்டும், மேல கர்டர் இருக்கான்னு கேட்டார். அதுக்குத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். போட்டாச்சுன்னு சொன்னீங்க. அன்னிக்கே உடைச்சுட்டோம். நீங்க கடனை நெனச்சு நெனச்சு இளைச்சுப் போயிட்டீங்க. இப்ப வங்கிக்காரனுக்குத் திருப்பிக் குடுக்கவே கொஞ்சம் மிச்சமிருக்கு."

கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். உடைத்த இடத்தின் தலைப்பில், கொத்தனார் ஒப்புக்கு ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார். கர்டர் இருக்கும் தைரியத்தில் வைத்த சட்டம், அலங்காரத்துக்கு. இப்போது மகளின் அறை முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா, பிடிக்கலையா?" என்றாள் மகள்.

"பிடிச்சிருக்கு பாப்பா. பயணக் களைப்பு."

மகள் அன்றைக்கே மேலே படுக்கப் போவதாகச் சொன்னாள். கணக்கர் சுண்ணாம்பு வாடை நெஞ்சுக்கு ஆகாது என்றார். நர்ஸ் படிக்கப் போகிறவளிடம் நெஞ்சைப் பற்றிச் சொல்லி எடுபடுமா? பிறகு வௌவால் என்றார். பிறகு பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது என்றார். "அப்பாவுக்குப் பயம் ஆரம்பிச்சுடுச்சு" என்று மகள் சிரித்துவிட்டு, பாவம் என்று அன்றைக்கு மட்டும் ஹாலிலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரிக்குப் போன் போட்டார். வேறு ஊரில் ஏதோ வேலையாக இருந்த மேஸ்திரி, விஷயத்தைக் கேட்டதும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார். 

"சார், மேல யாரையும் ஏத்தாதீங்க. திங்கக்கிழமை ஜாக்கி எடுத்துட்டு வந்து முட்டுக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி ஒரு ஆளும் ஏறக் கூடாது சார். வீட்ல சொல்லிடுங்க."

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். கணக்கர் அன்று பகல் முழுக்கச் சொல்வதற்கு ஒத்திகை பார்த்தார். "டீச்சர், ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் அடுத்த வாக்கியம் "நான் பொய் சொன்னேன்" என்று வர வேண்டும். அந்த இடத்தில் ஒத்திகை நின்றது. இத்தனை வருஷத்தில் டீச்சர் சரிபார்க்காத ஒரே ஆள் அவர். அவருடைய ஒரு வார்த்தையை நம்பி ஒரு சுவரையே உடைத்திருக்கிறார். திங்கட்கிழமை வரைக்கும் யாரையும் மேலே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், முட்டுக் கொடுத்தபின் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை வாங்கிக்கொண்டார். கடனுக்குப் பயந்தவர் வாங்கிய முதல் தவணை அது.

ஆனால் மகள் அதற்குள் பாதிப் புத்தகத்தை மேலே ஏற்றியிருந்தாள். புத்தகம் என்ன கனம் கனக்கும் என்று சரக்கு எண்ணுகிறவருக்குத் தெரியாதா? அவளும் டீச்சரும் கடைக்குப் போன நேரத்தில் கணக்கர் படியேறினார். வழக்கம்போல் சுவரோரமாக, சுவரில் முதுகைப் பதித்துக்கொண்டு, கூரை சரிகிற இடத்தில் குனிந்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து போனார். புத்தக அடுக்கு நடுவில் இருந்தது. ஒரு காலை நடுப்பலகையில் வைத்தார். பலகை கீழே போய் மேலே வந்தது. படகில் கால் வைத்தது போலிருந்தது.  குப்புறப் படுத்துக் கையை நீட்டி ஒவ்வொரு புத்தகமாக இழுத்து, அப்படியே பின்வாக்கில் ஊர்ந்து கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

"புத்தகத்தை ஏம்ப்பா எறக்கிட்டீங்க?" என்று மகள் வந்து கேட்டாள்.

"கரையான் வரும்மா."

"புது மரத்துலயா?"

"புது மரம்னா அதுக்கு இன்னும் ருசி."

டீச்சர் அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். அவர் தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "அந்த அறையும் வீடுதாங்க, நம்ம வீடு. அங்கயுமா இப்படி நடக்கணும்?" என்று மட்டும் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை, மிச்சப் பாதிச் சுவரில் இருந்த ஸ்டோர் ரூம் கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. டீச்சர் மரம் ஊறியிருக்கும் என்றார். மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. கணக்கர் யாரும் பார்க்காதபோது நாற்காலி போட்டு ஏறி அந்தச் சட்டத்தைப் பார்த்தார். வந்த அன்றைக்குச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நகம்கூட நுழையவில்லை. இப்போது சட்டைப் பையிலிருந்த நாணயம் நுழைந்தது. சட்டம் நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. அவ்வப்போது "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மாதிரி. வீட்டில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. அவர் காதில் வேறு எதுவும் விழவில்லை.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே டீச்சர் சாதாரணமாகச் சொன்னார்:

"நாளைக்கு அண்ணன் வீட்டுல எல்லாரும் வர்றாங்க. சித்தி வீட்டுலயும் கூப்பிட்டிருக்கேன். அறையைப் பாக்கணும்னு ஒரே தொல்லை."

கணக்கர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "வர வேண்டாம்னு சொல்லிடு. அடுத்த வாரம் வரட்டும்."

"ஏன்?"

"அறை இன்னும் முடியல."

"என்ன முடியல? மேல் வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தானே ஊருக்குப் போனீங்க?"

அவர் கீழே விழுந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலேயே பெரிய மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பின்னாலேயே சித்தி வீட்டுக் கூட்டம். ஹால் நிறைந்துவிட்டது. கணக்கர் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருப்பதாக இல்லை. முதலில் எல்லாரும் காப்பி குடிக்கலாம் என்றார். குடித்தார்கள். பலகாரம் சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டார்கள். பழைய போட்டோ ஆல்பத்தை எடுக்கச் சொன்னார்.

"மாப்பிள்ள, போட்டோ பாக்கவா ஆட்டோ பிடிச்சு வந்தோம்?" என்று பெரிய மச்சான் அவருடைய கையைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். "வீட்டுக்காரர் அப்படியே சுவரைப் பிடிச்சுக்கட்டும். நாம ஏறுவோம்."

"மச்சான், வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாப் போங்க. ரெண்டு ரெண்டு பேரா."

"என்ன, டிக்கெட்டு போட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மகள் முன்னால் ஓடினாள். டீச்சர் ஒரு கையால் சித்தியைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். கணக்கர் மட்டும் கீழே நின்றார். தலைக்குமேல் காலடிச் சத்தம் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு நகர்வது கேட்டது. கூரை ஜன்னல் நடுவில்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்? "அடடா, என்ன வெளிச்சம்!" என்று சித்தியின் குரல் கேட்டது.

சட்டம் "டக்" என்றது. சுண்ணாம்பு ஒரு பட்டையாக உதிர்ந்து அவர் முகத்தில் விழுந்தது. இன்னொரு "டக்". சட்டத்தின் அடிவயிற்றில் ஒரு வெடிப்பு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நார் நாராகப் பிரிந்தது.

"எறங்குங்க!" என்று கத்தினார். "எல்லாரும் எறங்குங்க! விழுந்துடும்!"

 மேலேயிருந்து பெரிய மச்சானின் குரல்: "மாப்பிள்ளைக்குப் பயம் வந்துடுச்சுய்யா!" கொல்லென்று சிரிப்பு. சிரிப்பில் யாரோ காலைத் தரையில் தட்டினார்கள். அந்தத் தட்டு கணக்கரின் நெஞ்சில் விழுந்தது.

ஆயுள் முழுக்கப் பயந்தவனின் கூச்சலுக்கு என்ன மதிப்பு? இடிக்கும் நாய்க்கும் லிஃப்டுக்கும் கத்திய அதே குரல்தானே இது? அவருக்கே புரிந்துவிட்டது, தன் பயத்தைச் சொன்னால் ஒருவரும் இறங்கப் போவதில்லை. சொல்ல வேண்டியது வேறு.

"டீச்சர்!" என்று அவர் அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார். "நான் கர்டர் போடல! பொய் சொன்னேன்! மேல கர்டர் இல்ல!"

சிரிப்பு நின்றது. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கர்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கர்டரை நம்பிச் சுவரை உடைத்த ஆளுக்கு மட்டும் புரிந்தது.   

பிறகு பலகை அதிர ஆரம்பித்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்து மிரண்டோ என்னவோ, யாரோ படியை நோக்கி ஓடப் பார்க்கிறார்கள். அப்போது வந்தது குரல், மூன்றாம் வகுப்பை முப்பது பேரோடு கட்டி மேய்க்கிற குரல்.

"அசையாதீங்க! யாரும் ஓடக் கூடாது! அண்ணா, நில்லு!"

பெரிய மச்சானே நின்றுவிட்டார் போலிருக்கிறது.

"ஒவ்வொருத்தரா நடுவுலேர்ந்து வெளிய வாங்க. சுவரோரமா. முதுகைச் சுவர்ல ஒட்டிக்குங்க. இன்னும். இன்னும் ஒட்டுங்க சித்தி, புடவை கெட்டுப் போகட்டும். உங்க வீட்டு மாப்பிள்ளை எப்படி நடப்பாரு, தெரியும்ல? அப்படி நடங்க."

கீழே கணக்கர் சட்டத்துக்கு அடியில் போய் நுனிக்காலில் நின்று இரண்டு உள்ளங்கையையும் அதில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மனுஷன் கையால் நிற்கிற பாரமா அது? அவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலே தெரு மாறிப் போகிறவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. 

முதலில் சித்தி இறங்கினார். பிறகு பெண்கள். பிறகு மகள், வெளிறிப்போன முகத்தோடு. "அப்பா, நீங்க வெளிய வாங்க" என்று அழுதாள். "போம்மா, வாசலுக்குப் போ" என்றார். பெரிய மச்சான் இறங்கினார். சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.  ஹாலில் இருந்த இரும்பு பீரோவில் தோளைக் கொடுத்து, "மாப்பிள்ள, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். இரண்டு பேருமாகத் தரையெல்லாம் கீறிக்கொண்டு அதை இழுத்துச் சட்டத்துக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். பீரோவின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

டீச்சர் கடைசியாக இறங்கினார். வகுப்பைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியே வருகிற பழக்கம். கணக்கரைப் பார்க்காமலே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் தெருவில் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே பெரிய முறிவு ஒன்று கேட்டது. வாசல்வழியே வெள்ளைப் புழுதி கிளம்பி வந்தது. சட்டம் இரண்டாக உடைந்து, மேல்தளம் ஒரு சாண் இறங்கி, பீரோவின் தலையில் உட்கார்ந்து நின்றுவிட்டது. மேலே ஏதோ உருண்டது. 

தெருவில் நின்ற ஒவ்வொருவர் தோளிலும் முதுகிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சித்தியின் பட்டுப்புடவை பாதி வெள்ளை. பெரிய மச்சானுடைய நீலச் சட்டையில் இடது தோள் முழுக்க வெள்ளை. அவர் அதைக் குனிந்து பார்த்தார், கணக்கரைப் பார்த்தார். தட்டிவிடக் கையைத் தூக்கி, தட்டாமலே இறக்கிக்கொண்டார்.

 கணக்கர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டு" என்றார்.

"அப்புறம் திட்டறேன்" என்றார் டீச்சர். "இப்ப பிடிச்சுக்கிட்டே நில்லுங்க."

ஆனால் அப்புறமும் திட்டவில்லை. கணக்கர் காத்திருந்து பார்த்தார். மேஸ்திரி ஜாக்கி கொண்டுவந்து முட்டுக் கொடுத்தபோதும் திட்டவில்லை. இன்ஜினியர் வந்து, கணக்கரை ஒரு பார்வையும் உடைந்த சுவரை ஒரு பார்வையும் பார்த்தபோதும் திட்டவில்லை. வங்கியில் மேற்கொண்டு கடன் வாங்கக் கணக்கர் கையெழுத்துப் போட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அவருடைய பயம் இப்போது வேறு இடத்தில் இருந்தது.

வாசலைப் பூட்டிவிட்டு அவர் தெருவில் இறங்கினால், டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். கேஸை மூடிவிட்டேன் என்றால், சரி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பழையபடி பேசினார், சிரித்தார். ஒவ்வொரு முறையையும் கணக்கர் மனதுக்குள் எண்ணிக்கொண்டார்.

கடைசியில் இரும்பு கர்டர் வந்து, இந்தக் கோடிச் சுவரிலிருந்து அந்தக் கோடிச் சுவர் வரைக்கும் ஏறி உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்த கணக்கர், டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றார். பையை வாங்கிக்கொண்டார்.

"டீச்சர், கர்டர் போட்டாச்சு."

"தெரியும்" என்றார் டீச்சர். "மத்தியானம் பர்மிஷன் போட்டுட்டு வந்து ஏறித் தொட்டுப் பாத்துட்டுத்தான் போனேன்."